நடந்தால்தான் மூட்டுக்குச் சாப்பாடு

ஆட்டுத் தொடையை எலும்போடு வாங்கி வந்தால், அடுப்பில் ஏற்றும் முன் மூட்டுப் பகுதியை ஒரு நிமிடம் பாருங்கள். எலும்பின் நுனியில் நீலம் கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு பூச்சு, நனைந்த பளிங்கு மாதிரி மின்னும். விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் குருத்தெலும்பு. அதன்மேல் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று ஒட்டியிருப்பது மூட்டுத் திரவம். நம் முழங்காலுக்குள் இருப்பதும் இதேதான். பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் குருத்தெலும்பு. ஒரு தேக்கரண்டிகூட நிறையாத அளவுக்குத் திரவம். இந்த இரண்டும் சேர்ந்தால், பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைந்த உராய்வில் எலும்பும் எலும்பும் நகரும்.

என் அம்மாவுக்கு 63 வயதில் வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்தோம். ‘தேய்மானம்’ என்றார்கள். அந்த ஒரு சொல் எங்கள் வீட்டையே மாற்றிவிட்டது. தேய்மானம் என்றதும் மனதில் வருவது டயர்தான். ஓட்ட ஓட்டத் தேயும், ஓட்டாமல் வைத்தால் மிஞ்சும். அதனால் மாடிப்படி வேண்டாம், கோயில் வேண்டாம், கடைக்கு நாங்கள் போகிறோம் என்று எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஒரு வருடம் கழித்தும் முட்டி வலி அப்படியே இருந்தது. தொடை மட்டும் மெலிந்திருந்தது. நாற்காலியிலிருந்து எழவே இரண்டு கையையும் ஊன்ற வேண்டியதாயிற்று.

மூட்டு டயர் இல்லை. அது உயிருள்ள பொருள், அதற்குச் சாப்பாடு வேண்டும். சிக்கல் என்னவென்றால், குருத்தெலும்புக்குள் ஒரு ரத்தக்குழாய்கூட இல்லை. தோல், தசை, எலும்பு எல்லாவற்றுக்கும் ரத்தம் வீடு தேடி வந்து ஊட்டிவிடுகிறது. குருத்தெலும்பில் வாழும் செல்களுக்கு அந்த வசதி கிடையாது. அவற்றுக்குத் தேவையான சர்க்கரையும் ஆக்சிஜனும் சுற்றியிருக்கும் மூட்டுத் திரவத்திலிருந்துதான் ஊறி வர வேண்டும்.

ரசகுல்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் ஜீரா வெளியே வரும், விட்டால் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். குருத்தெலும்பு அதைவிடப் பல மடங்கு கெட்டி, ஆனால் வேலை அதே மாதிரிதான். அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிய வலைக்குள், எதிர்மின்னேற்றம் கொண்ட பெரிய மூலக்கூறுகள் அந்தத் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. காலை ஊன்றும்போது கொஞ்சம் நீர் கசிந்து வெளியேறுகிறது. காலைத் தூக்கும்போது திரவம் உள்ளே வருகிறது. சிறு மூலக்கூறுகள் தாமாகவும் ஊடுருவும்தான். ஆனால் திரவத்தைக் கலக்கிவிடுவதும், உள்ளே வெளியே ஓட வைப்பதும் அசைவு. காலையில் எழுந்ததும் நாலு அடி பிடித்த மாதிரி இருந்து, நடந்ததும் சரியாகிறது என்று பலர் சொல்வதற்கும் இரவெல்லாம் மூட்டு அசையாமல் கிடந்ததுதான் காரணம். (அந்த இறுக்கம் அரை மணியில் விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதம் என்ற வேறு மூட்டு நோயாக இருக்கலாம். உடனே காட்டுங்கள்.)

எலும்பு உடைந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைப்பது வழக்கம். டொரோண்டோவில் குழந்தைகளுக்கான மருத்துவமனையில் இருந்த ராபர்ட் சால்டர், மூட்டுக்கும் அதுதான் நல்லதா என்று கேட்டார். 1970-இலிருந்து முயல்களில் சோதித்தார். குருத்தெலும்பில் காயம் பட்ட முட்டியைக் கட்டிப்போட்டதைவிட, இடைவிடாமல் மெதுவாக மடக்கி நீட்டியபோது நன்றாக ஆறியது. மனிதர்களிலும் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். தண்டுவடம் அடிபட்டுக் கால் அசைக்க முடியாமல் போனவர்களின் முட்டியில், எந்தத் தேய்ப்பும் இல்லாமலே குருத்தெலும்பு மெலிந்துபோகிறது.

அப்படியானால் ஓடினால்? 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இடுப்பு அல்லது முட்டி மூட்டுவாதம் (‘தேய்மானம்’ என்று சொல்வது இதைத்தான்), உடம்புக்காகச் சாதாரணமாக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இருந்தது; ஓடாதவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு. போட்டிக்காக ஓடுபவர்களில் 13.3. முட்டி வலி உள்ளவர்கள் முதலிலேயே ஓட்டத்தை விட்டிருப்பார்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனாலும் டயர் கணக்கு இங்கே செல்லவில்லை.

நிற்பது வேறு விஷயம். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஒரு அடி எடுத்து வைக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. குருத்தெலும்பின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால், அந்த ஒரு நொடிக்குள் தண்ணீரால் தப்பி ஓட முடியாது. பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடும். ஆனால் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் நீர் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும், பாரம் நார்கள்மேல் இறங்கும். துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்கள் ‘கால் கடுக்குது’ என்று சொல்வதில் ரத்தநாளம், தசை எல்லாவற்றின் பங்கும் உண்டு. முட்டியின் பங்கும் உண்டு. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, அந்த ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார விடுகிறார்களா என்று பாருங்கள்.

சரி, நடக்கும்போது முட்டி எவ்வளவு தாங்குகிறது? பெர்லினில் ஒரு குழு, செயற்கை முட்டிக்குள்ளேயே அளவுமானியைப் பொருத்தி நேரடியாக அளந்தது. சமதரையில் நடந்தால் உடல் எடையைப் போல சுமார் 2.6 மடங்கு. படி ஏறினால் 3.2. படி இறங்கினால் 3.5. ஏறுவதுதான் சிரமம் என்று நினைக்கிறோம். மூச்சுக்கு அது உண்மை, முட்டிக்கு இறங்குவதுதான் பாரம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசைதான் பிரேக். அம்மாவுக்கு மெலிந்துபோனது அந்த பிரேக்தான். எடையிலும் இதே பெருக்கல் வருகிறது. மூட்டுவாதம் உள்ள பருமனானவர்களை அளந்தபோது, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறைந்தது.

தேய்ந்த குருத்தெலும்பை நடை திரும்ப வளர்த்துவிடாது. ஆனால் மிச்சம் இருப்பதற்கு ஊட்டம் போகும், தசை தேறும், வலி குறையும். ஒரு நாளைக்கு 10,000 காலடி என்ற இலக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் ஒரு நடைமானிக்கு வைத்த பெயரிலிருந்து வந்த எண். சராசரி 72 வயதுப் பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களே 2,700 அடி நடந்தவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. எவ்வளவு வலி வரை நடக்கலாம்? நடக்கும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. வீங்கினால், சூடாக இருந்தால், முட்டி திடீரென்று மடங்கினால் அல்லது பூட்டிக்கொண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வலி ஒரு காவல்காரன் என்பதை வேலூரில் தொழுநோயாளிகளோடு வேலை செய்த பால் பிராண்ட் நன்றாக அறிந்திருந்தார். உணர்வு இல்லாத கால், காயம் பட்டாலும் நடந்துகொண்டே இருக்கும். மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு அந்தக் கால்களுக்காக அங்கே உருவானது. இன்று மரத்துப்போன பாதம் உள்ள சர்க்கரை நோயாளிகளும் அதைத்தான் போடுகிறார்கள். அவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மற்றவர்களும், அடிப்பாகம் வழவழப்பாகத் தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈர டைல்ஸில் கால் வைக்க வேண்டாம்.

கடைசியாக, கைத்தடி. வலது முட்டி வலித்தால் தடியை வலது கையில் பிடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அம்மாவும் அப்படித்தான் பிடித்தார். அது தவறு. வலது காலில் நிற்கும் நொடியில், உடம்பு இடது பக்கம் சரியாமல் இருக்க வலது இடுப்புத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் மூட்டின்மேல் பாரமாக இறங்குகிறது. இடது கையில் தடி இருந்தால் சரியும் பக்கத்துக்கு முட்டு கிடைக்கும். வலிக்கும் காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். கையைத் தொங்கவிட்டால் தடியின் தலை மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

அம்மாவிடம் தடியைக் கை மாற்றிக் கொடுத்தோம். முதல் இரண்டு நாள் கையும் காலும் பின்னிக்கொண்டன. மூன்றாம் நாள் வாசல் வரை போய் நின்று, “என்னடா இது, பாரம் இறங்கின மாதிரி இருக்கு” என்றார். அப்புறம் தினமும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, முதலில் ஐந்து முறை, இப்போது பதினைந்து. காலை ஆறரைக்குத் தெருமுனைப் பால் பூத் வரை அவரே போய் வருகிறார். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால், கூடத்தில் சுவரோரமாக இருபது நடை.