தொண்டை வலிக்கும் குழந்தைக்கு வலி மருந்து கொடுங்கள்

"மருந்துப் பையைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று குழந்தையை அழைத்து வரும் எல்லோரிடமும் கேட்பேன். பெற்றோர் சொல்ல மறந்ததைப் பை சொல்லிவிடும். போன வாரம் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார்கள். தொண்டை வலி தொடங்கி மூன்றாம் நாள். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. எச்சிலை விழுங்கப் பயந்து வாயோரம் வழிய விட்டுக்கொண்டிருந்தாள். முந்தைய இரவுக்குப் பிறகு சிறுநீர் கழிக்கவில்லை. பையில் இருந்த அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பாட்டில் பாதி காலி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. சளி மருந்து ஒன்று, அதுவும் பாதி. பாராசிட்டமால் பாட்டில் மட்டும் மூடி திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. "இதை ஏனம்மா கொடுக்கவில்லை?" என்றேன். "காய்ச்சல் இல்லையே டாக்டர்" என்றார் அம்மா.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தொண்டை வலியோடு வரும் குழந்தைக்கு எதையெல்லாம் கொடுக்கத் தேவையில்லையோ அதையெல்லாம் கொடுத்துவிட்டு, வலிக்கான மருந்தை மட்டும் கொடுக்காமல் வருகிறார்கள். அன்பில்லாததால் அல்ல. பாராசிட்டமால் காய்ச்சலுக்கு மட்டுமே உரியது என்று ஊரே நம்புகிறது. மருந்துச் சீட்டில் "காய்ச்சல் வந்தால் கொடுக்கவும்" என்று எழுதி எழுதி அந்த நம்பிக்கையை வளர்த்ததில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு.

உங்களுக்குத் தலைவலி வந்தால் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டா மாத்திரை போடுகிறீர்கள்? பல் வலிக்கும்போது உடம்பு சுடுகிறதா என்றா பார்க்கிறீர்கள்? அதே பாராசிட்டமால்தான் அது. பாராசிட்டமால் முதலில் ஒரு வலி நிவாரணி. காய்ச்சல் இல்லாத குழந்தைக்குச் சரியான அளவில் கொடுத்தால் உடம்பு ஜில்லிட்டுப் போகாது. இயல்பான வெப்பநிலை அதற்குக் கீழே இறங்காது. "வலி தெரியாமல் போனால் நோய் உள்ளேயே அமுங்கிவிடும்" என்று பாட்டிகள் சொல்வார்கள். அப்படி எதுவும் அமுங்குவதில்லை. குழந்தை வலியைத் தாங்கிக்கொண்டு கிடப்பதால் கிருமி ஒரு மணி நேரம்கூட முன்னதாகப் போய்விடாது. "அடிக்கடி கொடுத்தால் கல்லீரல் கெட்டுவிடும்" என்று படித்தவர்கள் சொல்வார்கள். அளவு மீறினால் கெடும், உண்மைதான். எடைக்கு ஏற்ற அளவில், போதிய இடைவெளி விட்டு, இரண்டு மூன்று நாள் கொடுப்பதால் நல்ல ஆரோக்கியமான குழந்தையின் கல்லீரல் கெடாது.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் "தொண்டை வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. பாலைப் பார்த்து வாயருகே கொண்டுபோய், ஒரு மடக்குக் குடித்ததும் வீரிட்டு அழுது தள்ளிவிடும். வீட்டில் அதை அடம் என்பார்கள். பிடித்து வைத்துக் கரண்டியால் புகட்டுவார்கள். குழந்தை கேட்பது பசியாற வழி; விழுங்க முடியாததால் அழுகிறது. வலியைக் குறைத்தால் குடிக்கும். குடித்தால் தேறும். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

அன்று அந்தக் குழந்தைக்கும் அதைத்தான் செய்தோம். மேலண்ணத்தின் பின்பகுதியில், சிவந்த வளையத்துக்கு நடுவே கடுகளவுப் புண்கள் ஆறேழு இருந்தன. வைரஸ் வேலை. எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தொடாது. எடை 16 கிலோ. ஊசி இல்லாத சிரிஞ்சில் பாராசிட்டமாலை எடுத்து, நாக்கின் மேல் விடாமல், கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து, குளிர வைத்த உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தேக்கரண்டியால் கொடுக்கச் சொன்னேன். முதல் கரண்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். வலிக்கவில்லை என்று தெரிந்ததும் தானே தம்ளரைப் பிடித்துக்கொண்டாள். சலைன் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

அளவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான். கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 16 கிலோ குழந்தைக்கு 240 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிரப் எல்லாம் ஒரே வீரியம் கொண்டவை அல்ல. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று. அதில் 10 மில்லி கொடுக்க வேண்டும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. அதில் 5 மில்லியைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் வைத்திருக்கும். "போன முறை 10 மில்லி கொடுத்தோம்" என்ற நினைப்பில் சொட்டு மருந்தை 10 மில்லி ஊற்றினால் அது நான்கு மடங்குக்கும் மேல். பாட்டிலின் முகப்பைப் படியுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், அளவு குறித்த மூடியோ சிரிஞ்சோ போதும். மூன்று மாதத்துக்குக் குறைந்த பச்சிளம் குழந்தைக்கு இந்தக் கணக்கே போடாதீர்கள். காய்ச்சல் என்றால் உடனே தூக்கி வாருங்கள்.

சளி மருந்து என்று கடையில் தரும் பல கலவைகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவாகிவிடும். சளி, இருமல் மருந்துகளைப் பொதுவாகவே 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மருத்துவர்களுக்கே அறிவுறுத்தியிருக்கிறது. விட்டுவிடுங்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நம் ஊரில், குறிப்பாக மழைக்காலத்தில், டெங்கு இல்லை என்று தெரியும்வரை அவை ஆபத்து. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது குளிர்ச்சி. "ஐஸ்கிரீம் தின்றதால்தான் வந்தது" என்று குழந்தையின் முன்னாலேயே குற்றம் சாட்டுகிறார்கள். கிருமி பள்ளியில் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் இருமலிலிருந்தோ பகிர்ந்து குடித்த தண்ணீர் பாட்டிலிலிருந்தோ வந்தது. டான்சில் அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைக்கு ஐஸ்கிரீம் கொடுங்கள் என்று அறுவை செய்த மருத்துவரே சொல்வதைப் பலர் கேட்டிருப்பீர்கள். சுளுக்கிய காலுக்கு ஐஸ் ஒத்தடம் போலத்தான் வீங்கிய தொண்டைக்குக் குளிர்ச்சி. சில குழந்தைகளுக்கு வெதுவெதுப்பு இதமாக இருக்கும், சிலருக்குக் குளிர்ச்சி. எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள். இளநீர், புளிக்காத மோர், கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, பனங்கற்கண்டுப் பால், ஆறிய ராகிக் கூழ் எல்லாம் நல்லவை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தேன் தரலாம். அதற்குக் கீழ் தேனைத் தொட்டு நாக்கில் வைப்பதுகூடக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று பொறுமையாகக் கொடுத்தாலே ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போய்விடும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று கலங்க வேண்டாம். தண்ணீர் இறங்கவில்லை என்றால் கலங்குங்கள்.

மிளகு ரசத்தையும் சுக்குக் கஷாயத்தையும் புண்ணான தொண்டையில் ஊற்றாதீர்கள், எரியும். விரலில் உப்பைத் தொட்டு உள்நாக்கை அழுத்தி விடுகிறவர்களிடம் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். உள்நாக்கு நோயால் வீங்கியிருக்கிறது, இடம் மாறி இறங்கிவிடவில்லை. நகம் கிழித்துச் சீழ் பிடித்த தொண்டைகளை நாங்கள் பார்க்கிறோம். ஆவி பிடிக்கக் கொதிநீரைக் குழந்தையின் அருகில் வைத்து வெந்துபோன தொடைகளையும் பார்க்கிறோம். மூக்கில் எண்ணெய், மூக்கடியில் கற்பூரம் எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைப்பது நல்லது. ஆனால் விழுங்காமல் துப்பத் தெரிந்த ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான்.

இனி ஆன்டிபயாட்டிக். தொண்டை வலியோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வைரஸ்தான் காரணம். மூக்கு ஒழுகினால், இருமினால், குரல் கம்மினால், கண் சிவந்தால் அநேகமாக வைரஸ். நான்கைந்து நாளில் தானாகத் தணிந்து, ஒரு வாரத்தில் போய்விடும். ஐந்தாம் நாள் குணமாவதைப் பார்த்துவிட்டு "அந்த மருந்துதான் கேட்டது" என்று அடுத்த முறையும் அதையே வாங்குகிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கடைக்காரரிடம் கேட்காதீர்கள், மூத்தவனுக்குப் போன மாதம் எழுதிக் கொடுத்ததில் மீதியை இளையவளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒரு பாக்டீரியா இருக்கிறது, அதை நாங்கள் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம், மூன்று வயதுக்குக் கீழ் அபூர்வம். இருமல் சளி இல்லாமல் திடீரென்று காய்ச்சல், விழுங்கும்போது கடும் வலி, தாடைக்குக் கீழ் தொட்டால் வலிக்கும் நெறிகட்டி, டான்சிலில் வெள்ளைத் திட்டுகள், சில பிள்ளைகளுக்கு வயிற்று வலியும் வாந்தியும். (குழந்தை மருத்துவர்கள் தொண்டையைக் கடைசியில்தான் பார்ப்போம், பார்த்ததும் அழுகை தொடங்கிவிடும் என்பதால். அதற்கு முன்பே கழுத்தைத் தடவும் விரல் பாதியைச் சொல்லிவிடும்.) தொண்டையில் பஞ்சு தொட்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை உறுதியாகச் சொல்லும், சிறு ஊர்களில் அது உடனே கிடைப்பதில்லை என்பதால் பல நேரம் அறிகுறிகளை வைத்து முடிவெடுக்கிறோம்.

இந்தக் கிருமி என்று முடிவானால் அமாக்சிசிலின் அல்லது பெனிசிலின், 10 நாள். அசித்ரோமைசின் பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் தேவைப்படும் மாற்று. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டு, பிள்ளை ஓடி விளையாடும். பெரும்பாலானோர் நிறுத்துவது அன்றுதான். கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்தாதீர்கள். நாங்கள் 10 நாள் கொடுப்பது தொண்டைக்காக அல்ல, இதயத்துக்காக. சரியாகக் குணப்படுத்தாத ஸ்ட்ரெப் தொண்டைக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. மூட்டு வீக்கம் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ள வருடக்கணக்கில் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படியானால் முதல் நாளே ஆரம்பித்துவிடலாமே என்று கேட்பீர்கள். தேவையில்லை. வலி தொடங்கி 9 நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கினாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். "இரண்டு நாள் பார்க்கலாம், பிறகு வாருங்கள்" என்று மருத்துவர் சொன்னால் அது அக்கறையின்மை அல்ல. திரும்ப வரச் சொன்ன நாளில் வாருங்கள், அது போதும். ஸ்ட்ரெப் என்று மருந்து தொடங்கிய பிள்ளையை ஒரு முழு நாள் கழித்து, காய்ச்சல் இல்லையென்றால் பள்ளிக்கு அனுப்பலாம். குணமான ஓரிரு வாரத்தில் முகம் வீங்கினாலோ சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ அது சிறுநீரகம் தொடர்பானது, உடனே காட்ட வேண்டும்.

தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நம்மைவிட்டுப் போய்விடவில்லை. 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகளைத் தவறாமல் போடுகிறார்கள். ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் போட வேண்டிய ஊக்க ஊசிகளையும், 10, 16 வயதுகளில் போட வேண்டியவற்றையும் மறந்துவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல்போல் படர்ந்து, கழுத்து வீங்கி வரும் பிள்ளையைப் பார்க்கும்போது, அந்த விடுபட்ட ஊசியைப் பற்றிக் கேட்கவே எங்களுக்கு மனம் வருவதில்லை.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, மூன்று நாளைத் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை, உடம்பில் சொரசொரப்பாகச் சிவந்த தடிப்பு, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் வழிகிறது: இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்து, குழந்தை முன்னோக்கிக் குனிந்தே உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அப்போது டார்ச் அடித்து, கரண்டியை விட்டுத் தொண்டையைப் பார்க்க முயல வேண்டாம், மூச்சு அடைத்துவிடும். படுக்க வைக்காதீர்கள். எதையும் புகட்டாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே மடியில் வைத்துக் கொண்டு வாருங்கள்.