70 சதவீதம் என்று சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தனக்கு எவ்வளவு தெரியாது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டு, மறுநாளே அது சரியா தப்பா என்று ஊர் முழுக்கப் பார்க்கும்படி மாட்டிக்கொள்கிற வேலை உலகத்தில் அதிகம் இல்லை. பங்குச்சந்தை ஆலோசகர், ஜோசியர், தேர்தல் நேரத்தில் டிவியில் பேசுகிறவர் என்று யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், சொன்னதில் எத்தனை பலித்தது என்று தேதிவாரியாகக் கணக்கு வைத்திருப்பவரைக் காண்பது அரிது. வானிலை முன்கணிப்பாளர் வைத்திருக்கிறார். சென்னையில் அந்த வேலை நடக்கிற இடம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கேதான் வானாய்வகம் அமைத்தது, அதன் கருங்கல் தூண் ஒன்று இன்னும் அந்த வளாகத்துக்குள் நிற்கிறது.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதை நாம் பணிவு என்கிற கணக்கில் சேர்த்துவிடுகிறோம். நல்ல குணம், பெரியவர்களுக்கு அழகு, அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை அது ஒரு திறமை. அளக்க முடியும், பழகினால் கூடும், பழகாவிட்டால் எவ்வளவு படித்தவருக்கும் வராது. அதை அளப்பது எப்படி என்பதை மழையை வைத்தே சொல்லிவிடலாம், ஏனென்றால் இந்தக் கலையை மிக நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் மழையைச் சொல்கிறவர்கள்தான்.

கதை 1961-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லோரென்ஸ் என்ற வானிலையாளர் பன்னிரண்டே சமன்பாடுகள் கொண்ட ஒரு பொம்மை வானிலையைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஓட்டிய ஒரு கணக்கை மறுபடி பார்க்க நினைத்து, தாளில் அச்சாகியிருந்த எண்களை நடுவிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், முதலில் ஒன்றாகப் போன இரண்டு கணக்குகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போயிருந்தன. இயந்திரம் பழுது என்றுதான் முதலில் நினைத்தார். காரணம் வேறு: கம்ப்யூட்டருக்குள் இருந்த எண் 0.506127, தாளில் இடம் மிச்சம் பிடிக்க அச்சானது 0.506. நாலாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம், அது வளர்ந்து வளர்ந்து மொத்த வானிலையையே மாற்றிவிட்டது. இதை அவர் 1963-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். வங்காள விரிகுடாவின் மேல் இந்த நிமிடம் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது, எந்த உயரத்தில் எந்தத் திசையில் வீசுகிறது என்பதை நாலாயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு யாரால் அளக்க முடியும்? பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலில் மிதவைகளை விட்டிருக்கிறது, மேலிருந்து செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன, கரையிலிருந்து ரேடார்கள் பார்க்கின்றன. இருந்தும் கடல் பெரியது, இடைவெளிகளும் பெரியவை. அந்த இடைவெளிகளில் ஒளிந்திருக்கிற சின்னப் பிழைதான் நாலைந்து நாளில் புயலைச் சென்னைக்குப் பதில் ஆந்திராவின் பாபட்லாவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வாங்கினாலும், குறிப்பிட்ட ஒரு நாளின் வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு மேல் சொல்ல முடியாது என்ற எல்லை இங்கிருந்துதான் வருகிறது.

சரி, தொடக்கமே சரியாகத் தெரியாது என்றால் என்ன செய்வது? இந்தத் துறை கண்டுபிடித்த வழியில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தெரியாததையே கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இன்றைய காற்று இப்படி இருக்கலாம், அல்லது கொஞ்சம் அப்படி இருக்கலாம், இன்னும் கொஞ்சம் வேறு மாதிரியும் இருக்கலாம் என்று, அளவுக்கருவியின் பிழைக்குள் அடங்குகிற பல தொடக்கங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டுகிறார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1992-இல் இதை அன்றாட வேலையாக ஆரம்பித்தன; ஐரோப்பிய வானிலை மையம் இன்று 51 முறை ஓட்டுகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் உழைப்பில், 2018 ஜூன் முதல் நம் நாட்டிலும், வரைபடத்தை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிற, 21 ஓட்டங்கள் கொண்ட முறை நடைமுறைக்கு வந்தது. 21-இல் 15 ஓட்டங்கள் மழை காட்டினால் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். ஓட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் போனால் நம்பிச் சொல்லலாம், விசிறிபோல் விரிந்தால் வாயை அளந்து திறக்க வேண்டும். ஒவ்வொரு நாளைக்கும் அந்த நாளின் அறியாமை எவ்வளவு என்று தனியாக ஓர் அளவு கிடைத்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையான விஷயம், வானிலையைக் கணக்கிடுகிற இந்தக் கம்ப்யூட்டர் மாடல்களுக்கும் அகந்தை உண்டு. ஓட்டங்களின் விரிவு பெரும்பாலும் இருக்க வேண்டியதைவிடக் குறுகலாகவே வரும், அதாவது கம்ப்யூட்டர் தன்மேல் வைக்கிற நம்பிக்கை அதன் தகுதிக்கு மேலே இருக்கும். அதனால் பழைய முடிவுகளோடு ஒப்பிட்டு அந்த 70-ஐ 60-ஆகக் குறைக்கிற மாதிரியான திருத்தங்களும் செய்கிறார்கள்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. 70 சதவீதம் என்று சொன்னீர்கள், மழை வரவில்லை. நீங்கள் சொன்னது தப்பா? ஒரு நாளை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. 70 என்று சொன்ன நாள்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு எண்ண வேண்டும். அப்படி நூறு நாள் சேர்ந்தால் அதில் 70 நாள் சுமாராக மழை வந்திருக்க வேண்டும், 30 நாள் வந்திருக்கக் கூடாது. நூறு நாளும் வந்திருந்தால் அதுவும் பிழைதான், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

இதற்கு மதிப்பெண் போடுகிற வழியை 1950-இல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் வகுத்தார். மழை வந்தால் 1, வராவிட்டால் 0. நீங்கள் சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து வர்க்கம் செய்யுங்கள், அதுதான் உங்கள் தண்டனை. 0.7 என்று சொல்லி மழை வந்தால் 0.3-இன் வர்க்கம், 0.09. வராவிட்டால் 0.7-இன் வர்க்கம், 0.49. கட்டாயம் வரும் என்று 1 சொல்லி வராவிட்டால் முழுசாக 1. இதன் அழகு எங்கே இருக்கிறது என்றால், உங்கள் மனசுக்குள் உண்மையில் 70 இருக்கும்போது 70 என்றே சொன்னால் சராசரித் தண்டனை 0.21 வரும். கெத்தாக 100 என்று சொன்னால் 0.30. எதற்கு வம்பு என்று 50 சொன்னால் 0.25. வேறு எந்த எண்ணைச் சொல்லிப் பார்த்தாலும் 0.21-க்குக் கீழே போகாது. வீறாப்புக்கும் தண்டனை, மழுப்பலுக்கும் தண்டனை, உள்ளதை உள்ளபடி சொல்கிறவருக்குத்தான் ஆகக் குறைந்த தண்டனை. பள்ளிக்கூடப் பரீட்சைகளில் இப்படி மதிப்பெண் போட்டால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. நம் பிள்ளைகள் தெரியாத கேள்விக்கும் பக்கத்தை நிரப்பிவிட்டு வரத்தான் பழகியிருக்கிறார்கள்.

ஆனால் அடக்கம் மட்டும் போதாது, அதையும் சொல்ல வேண்டும். சென்னையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 60 நாள்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி மழை பெய்கிறது, ஆறு நாளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தினமும் காலையில் "இன்று மழைக்கு 16 சதவீத வாய்ப்பு" என்று மே மாதத்திலும் நவம்பரிலும் ஒரே பாட்டைப் பாடினால், வருஷ முடிவில் அவர் கணக்கு துல்லியமாகப் பொருந்தும். அவரால் யாருக்கும் எந்தப் பயனும் இருக்காது. தனக்குத் தெரியும் என்கிற இடத்தில் துணிந்து 90-க்கும் 5-க்கும் போக வேண்டும், தெரியாத இடத்தில் நடுவில் நிற்க வேண்டும், எது எந்த இடம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் "நமக்கென்ன தெரியும்" என்று கைவிரிப்பவரை அதனால்தான் என்னால் ஞானி என்று ஏற்க முடிவதில்லை.

இந்த முறையால் தொட முடியாத இடங்களும் உண்டு. 2021 டிசம்பர் 30 மதியம் நகரத்தின் நடுவில் கொட்டிய மழையை மாடல்கள் சரியாகக் காட்டவில்லை, சில இடங்களில் சில மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் தாண்டியது. 12 கிலோமீட்டர் கட்டம் என்பது ஏறக்குறைய சென்ட்ரலிலிருந்து கிண்டி வரை உள்ள தூரம். அதற்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் அகலத்தில் திடீரென்று எழும்புகிற மேகக்கூட்டம் மாடலின் கண்ணுக்குத் தெரியாது, அதன் விளைவைத் தோராயமாகத்தான் நிரப்புகிறார்கள். அந்த மாதிரி மழையை ரேடாரில் பார்த்து ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு சொன்னாலே பெரிய விஷயம். இன்னொரு சிக்கல், அபூர்வ நிகழ்ச்சிகளுக்கு எண்ணிப் பார்க்கப் போதுமான நாள்களே இருக்காது. 2015 டிசம்பர் முதல் தேதிக்கும் இரண்டாம் தேதிக்கும் இடையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அதே மாதிரி நூறு நாள் கிடைத்தால்தான் பெட்டியை நிரப்பி எண்ண முடியும், கிடைக்கவே கூடாது என்றுதான் நாம் வேண்டுவோம். ஆகவே பெருமழைக்குச் சொல்கிற எண்ணைச் சாதாரண மழைக்குச் சொல்கிற எண்ணளவுக்கு உரசிப் பார்க்க வழியில்லை.

இவ்வளவு சந்தேகத்தோடு வருகிற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வது? 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் செய்ததைத்தான். 16-ஆம் தேதிக்கு ரெட் அலர்ட் என்றதும் முன்கூட்டியே கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அன்று பயந்த அளவுக்கு மழை இல்லை, தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போய்விட்டது, அப்புறம் ஊரெல்லாம் கேலி. அந்தக் கேலியில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. காரை மேலே ஏற்றி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, மறுபடி போய் எடுத்து வருவதற்கு அலைச்சலையும் சேர்த்து ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் ஒரு லட்சம் என்று வையுங்கள். ஆயிரத்தை ஒரு லட்சத்தால் வகுத்தால் நூற்றில் ஒன்று. தன் தெருவில் வெள்ளம் வர ஒரு சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே காரை ஏற்றிவிடுவதுதான் சரியான முடிவு, அதில் பெரும்பாலான தடவை மழை வராமல் ஏமாற்றும் என்பதும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. அதே எண்ணைக் கேட்டுவிட்டு மொட்டை மாடியில் வடாம் காயப்போடுகிறவர் வேறு முடிவு எடுக்கலாம், அவருக்கு இழப்பு சின்னது. வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வது முன்கணிப்பாளரின் வேலை, எந்த எண்ணில் எழுந்து ஓடுவது என்பது அவரவர் பாடு. நாமோ இரண்டையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டு, "வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க" என்று மல்லுக்கு நிற்கிறோம்.

மழைக்காரர்களுக்கு மட்டும் இது எப்படிக் கைவந்தது? அமெரிக்காவில் 1965-இலிருந்தே மழை வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் ஆலன் மர்ஃபியும் ராபர்ட் விங்க்ளரும் 1977-இல் அந்த முன்கணிப்பாளர்களைச் சோதித்தபோது, அவர்கள் சொன்ன எண்ணும் நடந்த விகிதமும் ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்தின. மாறாக 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், நிமோனியா இருக்க 80 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று டாக்டர்கள் கருதிய நோயாளிகளில் உண்மையில் அது இருந்தது ஐந்தில் ஒருவருக்கு என்கிற அளவில்தான். டாக்டர்கள் ஒரு நோயைத் தவறவிடக் கூடாது என்ற பயத்தில் கூட்டிச் சொல்லியிருக்கலாம், அவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. வித்தியாசம் விடை திரும்பி வருகிற வழியில் இருக்கிறது. மழைக்காரருக்குத் தினமும் ஒரே மாதிரிக் கேள்வி, எண்ணாகப் பதில், 24 மணி நேரத்தில் விடை. டாக்டரிடம் வந்த நோயாளி குணமாகி வேறு ஊருக்கே போய்விடலாம்.

விடை தெரிந்த பிறகு நம் ஞாபகமும் நமக்குத் துரோகம் செய்கிறது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போகும் முன்பு, என்னென்ன நடக்கும் என்று ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சதவீதமாக எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்தபின், அன்று நீங்கள் எழுதிய எண் என்ன என்று அவர்களிடமே கேட்டார்கள். நடந்தவற்றுக்குத் தாங்கள் முன்பு கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கொடுத்ததாகத்தான் பலருக்கும் ஞாபகம் இருந்தது. பாரூக் ஃபிஷாஃப் குழுவினர் 1975-இல் வெளியிட்ட இந்த முடிவு நம் வீட்டுத் திண்ணையில் தினமும் கேட்கிற "எனக்கு அப்பவே தெரியும்" என்பதற்கான விளக்கம். அவர்கள் பொய் சொல்லவில்லை, பழைய சந்தேகத்தை மூளை அழித்துவிட்டு மேலே புதிதாக எழுதிவிட்டது. தப்பாகச் சொன்னோம் என்பதே தெரியாதபோது எங்கே திருத்திக்கொள்வது?

அதனால் யாராவது இதைப் பழக நினைத்தால் முதல் தேவை ஒரு நோட்டுப் புத்தகம். மழையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. இந்த வேலை வெள்ளிக்கிழமைக்குள் முடியும், இந்த மேட்சில் சேப்பாக்கத்தில் சென்னை ஜெயிக்கும், தச்சர் சொன்ன தேதிக்கு வருவார் என்று எதுவாக இருந்தாலும் தேதி போட்டு, பக்கத்தில் ஒரு சதவீதம் எழுதுங்கள், விடை வந்ததும் 1 அல்லது 0 போடுங்கள். "வரலாம்", "பார்க்கலாம்" என்று எழுதினால் கணக்குப் போட முடியாது, எண் வேண்டும். ஐம்பது அறுபது சேர்ந்ததும் 50-க்காரர்களை ஒரு பக்கம், 70-க்காரர்களை ஒரு பக்கம், 90-க்காரர்களை ஒரு பக்கம் பிரித்து எண்ணிப் பாருங்கள். முதலில் 90 சதவீதப் பெட்டியைத் திறங்கள், ஏனென்றால் ஆய்வுகளில் பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் அதிகமாக உதைக்கிறது: 90 என்று எழுதியதில் 70, 75 தேறினாலே பெரிது. அடுத்த மாதம் 90 என்று எழுதப் போகும்போது, இதற்கு எதிராக ஒரே ஒரு காரணமாவது இருக்கிறதா என்று தேடி அதையும் பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படி எதிர்க்காரணத்தை எழுதியவர்களுடைய எண்கள் நிஜத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்ததைச் சோதனைகளிலும் பார்த்திருக்கிறார்கள். தனக்குச் சாதகமான காரணத்தை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.