பிஹெச்.டி. நேர்காணலில் உங்கள் இங்கிலீஷை யாரும் சோதிக்கவில்லை

இந்த முறை பிஹெச்.டி. சேர்க்கை நேர்காணல் முடிந்து வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நல்ல மதிப்பெண், 'கேட்' என்ற தேசியத் தகுதித் தேர்வில் நல்ல ஸ்கோர், ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசையும் நிஜம். அப்படியிருந்தும் பல பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார்கள். அதிலும் சின்ன ஊர்க் கல்லூரிகளிலிருந்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகள். பாடம் தெரியாமல் வாய்ப்பு போனால் அடுத்த முறை படித்துக்கொண்டு வரலாம். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாமலேயே போவதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் ஆசிரியர். இந்த நேர்காணல்களை நடத்தும் பேனல்களில் (குழுக்களில்) வருடாவருடம் உட்காருகிறேன். அதனால் உதாரணம் எங்கள் துறையிலிருந்து வரும். மற்ற இன்ஜினியரிங், அறிவியல் துறைகளிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஒரு தம்பி வந்தார். விருப்பப் பாடம் என்ன என்று கேட்டோம். "ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், சார்." சரி, இரண்டு முனையிலும் தாங்கியிருக்கும் ஒரு பீம் (உத்தரம்), நட்டநடுவில் ஒரு சுமை, எவ்வளவு தொய்யும்? போர்டில் ஒரே மூச்சில் எழுதினார்: பி.எல். கியூப் பை 48 ஈ.ஐ. இதில் 'பி' சுமை, 'எல்' நீளம், 'ஈ' பொருளின் விறைப்பு, 'ஐ' குறுக்குவெட்டைப் பொறுத்தது. சரியான விடை. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எவ்வளவு கூடும்? எட்டு மடங்கு என்றார். அதுவும் சரி. அடுத்து, "இதே பீமைப் படுக்கப் போட்டால் அதிகம் தொய்யுமா, நிமிர்த்தி வைத்தால் அதிகம் தொய்யுமா?" என்று கேட்டோம். அப்படியே நின்றுவிட்டார்.

பக்கத்தில் இருந்த பேராசிரியர் மேஜையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இதைவிடப் பெரிய குறிப்பு யாராலும் தர முடியாது. தட்டையாகப் பிடித்து அழுத்தினால் ஸ்கேல் வளையும். விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் அசையாது. அந்தத் தம்பி ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டே, "இது தேர்ட் செமஸ்டரில் படித்தது சார், மறந்துவிட்டது" என்றார். அவர் எழுதிய சூத்திரத்தில் இருக்கும் அந்த 'ஐ' என்பது, குறுக்குவெட்டின் அகலத்தை உயரத்தின் மும்மடியால் பெருக்கி 12ஆல் வகுத்தது. உயரம் கூடினால் 'ஐ' கூடும், தொய்வு குறையும். விடை அவர் கையிலும் இருந்தது, போர்டிலும் இருந்தது. ஒரு தரம் வளைத்துப் பார்த்திருந்தால் போதும்.

இப்படி எத்தனை பேர்! கேள்வி கேட்டால் ஞாபகத்தைச் சோதிக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆராய்ச்சிக்குச் சேரும் ஒருவரோடு நாங்கள் நாலைந்து வருடம் வேலை செய்ய வேண்டும். அந்த வருடங்களில் முக்கால்வாசி நேரம், விடை யாருக்குமே தெரியாத கேள்வியோடுதான் போகும். அப்படி ஒரு கேள்வி வந்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதைத்தான் அந்த அரைமணி நேரத்தில் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம். அதனால் உங்களுக்குத் தெரிந்த இடத்தில் தொடங்கி, தெரியாத இடம் வரும்வரை கேட்டுக்கொண்டே போவோம். தெரியாத இடம் எல்லோருக்கும் வரும். குறிப்பு கொடுத்தால், உங்களைத் தூக்கிவிடக் கொடுக்கிறார்கள் என்று நம்புங்கள். போர்டில் படம் போடுங்கள். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "நேரடியாகத் தெரியவில்லை சார், ஆனால் சுமை பூஜ்யமானால் இது பூஜ்யமாகத்தானே வரவேண்டும்" என்று ஒருவர் தொடங்கினாலே பேனலில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி அளக்க மட்டும் வேண்டாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே பாடத்தை வருடக்கணக்காக நடத்துபவர்.

இப்போது இங்கிலீஷ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளை அதிகம் கெடுப்பது இந்த பயம்தான். இன்டர்வியூ என்றாலே இங்கிலீஷ் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நேர்காணலுக்கு முன்னால் இருக்கும் மாதத்தை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் செலவழித்துவிட்டு வருகிறார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள்: நான் கடின உழைப்பாளி, குழுவில் நன்றாக வேலை செய்வேன், என் பலவீனம் எதையும் அளவுக்கு மீறிக் கச்சிதமாகச் செய்வது. கம்பெனி வேலைக்கான வகுப்பில் கற்றது அப்படியே இங்கே வருகிறது. எங்கள் மதிப்பெண் தாளில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது. அந்தக் கேள்வியே, உங்கள் படபடப்பு அடங்கட்டும் என்று கேட்பது. ஊர், கல்லூரி, ப்ராஜெக்ட், எந்தப் பாடத்தில் ஆர்வம். நாலு வாக்கியம் போதும்.

பேனலை நன்றாகப் பாருங்கள். ஒருவர் வங்காளி, ஒருவர் மலையாளி, ஒருவர் ஆந்திராக்காரர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமான இங்கிலீஷ் பேசுகிறோம். உங்கள் இலக்கணப் பிழையை எண்ணிக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கேள்வி புரியவில்லையா, "இன்னொரு தரம் சொல்ல முடியுமா" என்று கேளுங்கள், மார்க் குறையாது. பாதி புரிந்ததை வைத்துக்கொண்டு வேறு எதற்கோ பதில் சொன்னால்தான் குறையும். வாக்கியம் வரவில்லையென்றால் படமும் சமன்பாடும் போடுங்கள். தமிழ் தெரிந்தவர் பேனலில் இருந்தால், ஒரு இடத்தைத் தமிழில் விளக்கலாமா என்று அனுமதி கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆய்வேட்டை இங்கிலீஷில் எழுதத்தான் வேண்டும், உண்மைதான். அதைக் கற்றுக்கொள்ள உள்ளே வந்தபிறகு வருடங்கள் இருக்கின்றன. தடுமாறிப் பேசி, போர்டில் தெளிவாக யோசித்துக் காட்டிய பிள்ளைகளை மகிழ்ச்சியோடு சேர்த்திருக்கிறோம். சரளமாகப் பேசி, ஒரு வளைவு வரையத் தெரியாதவர்களை வருத்தத்தோடு அனுப்பியிருக்கிறோம்.

அந்த ஒரு மாதத்தில் என்ன செய்யலாம்? இரண்டு பாடம், மூன்று பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். எது வேண்டும் என்று பல துறைகளில் உங்களையே கேட்பார்கள். "எல்லாம் பிடிக்கும் சார்" என்று சொல்லாதீர்கள். இளங்கலைப் பாடப் புத்தகத்தை எடுத்து, தேர்வுக் கைடு வேண்டாம், புத்தகத்தையே எடுத்து, ஒவ்வொரு சூத்திரமும் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பாருங்கள். கூடவே கணிதம்: அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஒரு சார்பைப் பார்த்துப் படம் வரைவது. கணிதத்தில் ஒரு கேள்வி அநேகமாக வந்தே தீரும். நண்பர் ஒருவரை உட்காரவைத்து, நின்றுகொண்டு, போர்டில் எழுதி விளக்கிப் பழகுங்கள்.

ப்ராஜெக்ட் விஷயத்துக்கு வருகிறேன். கோபம் வராமல் எழுத முடியவில்லை. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டை எங்களிடம் கொண்டுவராதீர்கள். இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். ப்ராஜெக்டில் பயன்படுத்திய சாஃப்ட்வேரில் பொருளை எத்தனை எலிமென்டாக, அதாவது சின்னத் துண்டுகளாக, பிரித்தீர்கள், எண்ணிக்கையைக் கூட்டினால் விடை மாறியதா, எல்லையில் என்ன நிபந்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டால் செய்தவருக்கு நொடியில் வரும். வாங்கியவருக்கு வராது. காசு கட்டி ஏதோ ஒரு ஜர்னலில் போட்ட கட்டுரையும் அப்படித்தான், பட்டியலில் இல்லாமல் இருப்பதே மேல். நீங்களே செய்த சின்ன வேலை, ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய பம்பைப் பிரித்து மாட்டியது, அதைச் சொல்லுங்கள். அதில் பத்து நிமிடம் ஆர்வமாகக் கேட்போம்.

ஆன்லைன் நேர்காணல் என்றால் வெள்ளைத்தாளும் தடித்த பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். எழுதி கேமராவில் காட்டச் சொல்வோம். கேள்வி கேட்டதும் கண் ஓரமாகப் போய் வரிவரியாக நகர்வது எங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. செய்யாதீர்கள், கண்ணுகளா. நன்றாகத் தெரிந்த பிள்ளைகூட இதனால் சந்தேகத்துக்கு ஆளாகிறது.

நேர்காணலுக்கு எவ்வளவு மதிப்பு என்பது இடத்தைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி, பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு வைத்தால் தேர்வுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சேர்த்தாலும் அதே கணக்கு. அந்தத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு நேர்காணல்தான் முக்கியம். ஐ.ஐ.டி.க்களுக்குச் சொந்த விதிகள் உண்டு. சில துறைகளில் முதலில் எழுத்துத் தேர்வு வைத்து வடிகட்டுவார்கள். அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்.

அப்புறம் சான்றிதழ். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் பெரும்பாலும் நடப்பு நிதியாண்டில், ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாலுகா ஆபீசில் நாளாகும். கடைசி வாரத்தில் அலையாதீர்கள்.

வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்கு முன்னால், கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பல நிறுவனங்களில் ஜூலைக்கும் ஜனவரிக்கும் வருடம் இரண்டு தடவை சேர்க்கை நடக்கிறது. இந்தத் தடவை எங்கே நின்றீர்களோ, அடுத்த தடவை அதிலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். முன்பு வந்தவர் என்பதற்காக யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள்.