ஓட்டில் ஜெயித்து சீட்டில் தோற்பது எப்படி?

2014-ல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத் தேர்தல். அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்கள்; அந்த விருப்பு வாக்குகளையெல்லாம் இரண்டு பெரிய கட்சிகளுக்குள் பிரித்துப் பார்த்தால் லிபரல் கட்சிக்கு 53 சதவீதம். ஆனால் ஆட்சி அமைத்தது லேபர் கட்சி! மொத்தம் 47 தொகுதிகள். லேபருக்கு 23, லிபரலுக்கு 22, மீதி இரண்டும் சுயேச்சைகளுக்கு. அவர்களில் ஒருவரான ஜெஃப் பிராக் லேபரை ஆதரித்தார், கதை முடிந்தது.

கள்ள ஓட்டெல்லாம் இல்லை. கணக்கு அப்படி. தொகுதிக்கு 100 பேர் வீதம் ஐந்து தொகுதிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்சி இரண்டு தொகுதிகளில் தலா 80 ஓட்டும், மற்ற மூன்றில் தலா 45 ஓட்டும் வாங்குகிறது. மொத்தம் 295, அதாவது 59 சதவீதம். கிடைப்பதோ இரண்டே இடம். ஜெயிக்க 51 போதும் என்கிற இடத்தில் 80 வாங்கினால், மிச்சம் 29 ஓட்டுக்கு ஒரு பயனும் இல்லை. லிபரலின் சிக்கல் இதுதான்: அதன் ஓட்டுகள் கிராமப்புறத் தொகுதிகளில் குவிந்து கிடந்தன.

ஒரு காலத்தில் தொகுதி எல்லைக் கோடுகளே கோணலாக இருந்தன. டாம் பிளேஃபோர்ட் 1938 முதல் 1965 வரை மாநில முதல்வராக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் 39 தொகுதிகள். மக்களில் பெரும்பாலோர் வாழ்ந்த தலைநகர் அடிலெய்டுக்கு 13, நாட்டுப்புறத்துக்கு 26. 1975-க்குப் பிறகு எல்லை வரைவது ஒரு தனி ஆணையத்தின் வேலையானது. உச்ச நீதிமன்ற நீதிபதி, தேர்தல் ஆணையர், தலைமை நில அளவையாளர் ஆகிய மூவர் அதில் இருப்பார்கள். எந்தத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. கோடு நேராகிவிட்டது. அப்படியும் 1989-ல் லிபரல் 52 சதவீதம் வாங்கித் தோற்றது.

அதனால் 1991-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி வினோதமான ஒரு விதியைச் சேர்த்தார்கள். பாதிக்கு மேல் ஓட்டு வாங்கும் தரப்புக்குப் பெரும்பான்மை இடங்கள் கிடைக்கும்படி, முடிந்தவரை, எல்லைகளை வரைய வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் மறுபடி வரைய வேண்டும். சென்ற தேர்தலின் வாக்குச்சாவடிக் கணக்குகளை எடுத்து, புதிய எல்லைகளுக்குள் கூட்டிப் பார்ப்பார்கள். "இந்தத் தொகுதி இப்போது கணக்கின்படி இன்ன கட்சியுடையது" என்று அதிலிருந்துதான் சொல்கிறார்கள்.

சிக்கல் இருப்பதும் அங்கேதான். போன தேர்தலின் ஓட்டை வைத்து அடுத்ததை ஊகிக்கிறோம். காற்று எல்லா ஊரிலும் ஒரே பக்கம் அடிக்குமா என்ன? 2002, 2010, 2014 என மூன்று முறை விதி பொய்த்தது. 2017-ல் அதை நீக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த விதிப்படி 2016-ல் வரைந்த கடைசி வரைபடத்தில்தான் 2018-ல் லிபரல் 25 இடங்களோடு ஆட்சியைப் பிடித்தது.

வேட்பாளர்கள் கதை தனி. அதே வரைபடம் லேபரின் லியான் பிக்னெல்லின் மாசன் தொகுதியோடு கங்காரு தீவைச் சேர்த்தது. கணக்கின்படி அது லிபரல் தொகுதியாகிவிட்டது, மனிதர் ஜெயித்துவிட்டார். அடுத்த மறுவரையறையில் ஜெஃப் பிராக்கின் ஊரான போர்ட் பிரி அவருடைய ஃப்ரோம் தொகுதியிலிருந்து பிரிந்து பக்கத்து ஸ்டூவர்ட் தொகுதிக்குப் போனது. அவரும் ஊரோடு சேர்ந்து அங்கே போனார். அங்கே உறுப்பினராக இருந்தவர் துணை முதல்வர். 2022-ல் அவரையே பிராக் தோற்கடித்தார்.