உங்களுக்கு நீங்களே போட்ட விதியை மீறிப் பார்க்கிறீர்களா?

“வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் ஓய்வு.” “எனக்கென்று தனியாகச் செலவு செய்யக்கூடாது.” “சரியாக வராததை நாலு பேர் முன்னால் செய்யக்கூடாது.” ஆலோசனையில் மகிழ்ச்சி எங்கே அடைபட்டிருக்கிறது என்று தேடிப்போனால், பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியம்தான் அகப்படும். எப்போதோ ஒரு நெருக்கடியில் அந்த விதி உதவியிருக்கும். நெருக்கடி போய்விட்டது, விதி மட்டும் தங்கிவிட்டது. ‘செய்தே ஆகவேண்டும்’ என்ற இந்த உள்கட்டளைகளின் கொடுங்கோன்மையைப் பற்றி மனநல மருத்துவர் கரேன் ஹார்னி 1950-லேயே எழுதியிருக்கிறார்.

எல்லா விதியையும் மீறலாமா? கூடாது. ‘இதை மீறினால் யாருக்கு என்ன நேரும்?’ என்று முதலில் கேளுங்கள். உடல்நலம், கடன், பிறருக்குக் கொடுத்த வாக்கு என்று பதில் வந்தால் அதில் கை வைக்காதீர்கள். குடியை விட்டவருக்கு ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்பது கிடையவே கிடையாது. ‘ஒரு மாதிரியாக இருக்கும்’, ‘சோம்பேறியாகிவிடுவேன்’ என்பது மட்டுமே பதிலானால், அந்த விதியைச் சோதித்துப் பார்க்கலாம்.

எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்து மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் இதை ஒரு பரிசோதனையாகவே செய்கிறோம். விதியை ஒரே வரியில் எழுதுங்கள்: ‘வேலை பாக்கி இருக்கும்போது ஓய்வெடுத்தால் எல்லாம் குலைந்துவிடும்.’ அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 0 முதல் 100-க்குள் ஓர் எண் போடுங்கள். எவ்வளவு மகிழ்ச்சி கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதற்கு 0 முதல் 10-க்குள் இன்னோர் எண். பிறகு சிறியதாக ஒரு மீறல்: முழு நாள் வேண்டாம், 2 மணி நேரம் போதும். நாளும், தொடங்கும் நேரமும், முடியும் நேரமும் முன்பே குறித்திருக்கட்டும். முடிந்ததும் இரண்டு எண்களையும் மறுபடி போடுங்கள், மறுநாளும் ஒருமுறை. குற்ற உணர்ச்சி சூடாக இருக்கும்போது போடும் எண்ணை மட்டும் நம்ப முடியாது.

பலர் சறுக்கும் இடம் ஈடுகட்டுவது. அந்த 2 மணி நேரத்துக்காக முந்தைய இரவு கண்விழித்து வேலையை முடித்துவிடுவார்கள். அப்போது விதி மீறப்படவே இல்லை, அதற்கு விலை கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். அலுவலகச் செய்திகளை நடுநடுவே பார்ப்பதும் இதே கணக்கில்தான் சேரும். பயந்தது நடக்கவில்லை என்பதை மனம் நேரில் பார்க்க வேண்டும். ஈடுகட்டினால் ‘முன்கூட்டியே முடித்ததால்தான் தப்பித்தேன்’ என்றே அது எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு சறுக்கல், ‘மீறியாயிற்று, இனி என்ன’ என்று மொத்தமாகக் கைவிடுவது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். திடீரென்று தடுமாறினால் அது தோல்வியாகத் தெரியும். முன்பே குறித்துவைத்த மீறலோ திட்டத்தின் ஒரு பகுதி, அதனால் மறுநாள் திரும்பி வருவது எளிது.

ஒருமுறை மட்டும் செய்து நிறுத்தினால் பழைய விதி திரும்பிவிடும். வெவ்வேறு சூழலில் மூன்று நான்கு முறை செய்த பிறகு விதியைத் திருத்தி எழுதுங்கள்: ‘வேலை பாக்கி இருந்தாலும் வாரத்தில் ஒரு மாலை எனக்கு.’

இரண்டு நிலைகளில் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதைச் செய்தும் இரண்டு வாரங்களுக்கு மேல் மகிழ்ச்சியே எட்டவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தூக்கம் மிகக் குறைந்தும் களைப்பே தெரியாமல், எந்த விதியும் தனக்கில்லை என்ற வேகத்தில் நாள்கணக்கில் செலவும் துணிச்சலும் கூடிக்கொண்டே போனால் அது இருமுனைக் கோளாறா, அதாவது மனநிலை அளவுகடந்த வேகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறும் நோயா என்று பார்க்க வேண்டும். அந்த வேகத்தில் இருப்பவருக்குத் தன் மாற்றம் தெரியாமல் போகலாம், ஆகவே உடனிருப்பவர்கள்தான் அழைத்துச் செல்ல வேண்டும்.