கேம் பாய் புதிர் ஆட்டத்தில் லெவல் எடிட்டர்: ஆடுபவர் அடுக்கிய லெவல் தொலையாமல் இருக்க

நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயின் பழைய புதிர் ஆட்டம் ஒன்றில், ஆடுபவரே லெவல் அமைக்க உதவும் லெவல் எடிட்டரைச் சேர்க்க உட்காருபவர்கள் வரைகிற பகுதியைத்தான் முதலில் எழுதுகிறார்கள். கர்சர் நகர்கிறது, சுவர் விழுகிறது, பெட்டி உட்காருகிறது. வேலை முடிந்த மாதிரியே இருக்கும். சேமிக்கிற பகுதி கடைசியில் அவசரமாக எழுதப்படும். ஒருவர் இரண்டு மணி நேரம் பெட்டி பெட்டியாகத் தள்ளிப் பார்த்துத் திருத்திய லெவல், மறுநாள் சுவிட்சைப் போட்டதும் குப்பையாய்த் தெரிவது அந்த அவசரத்தால்தான். ஆட்டத்தோடு வந்த லெவல்கள் ரோமில், அதாவது அழியாத நினைவகத்தில், பத்திரமாக இருக்கும். ஆடுபவர் செய்ததற்கு வேறு பிரதியே கிடையாது.

இடக் கணக்கிலிருந்து தொடங்குவோம். கேம் பாய் திரை 160 × 144 புள்ளி. 8 × 8 டைலாகப் பிரித்தால் குறுக்கே 20, நெடுக்கே 18. தகவல் பட்டைக்கு இரண்டு வரிசையை விட்டால், பெட்டி தள்ளும் சோகோபான் வகை ஆட்டத்துக்கு 20 × 16, அதாவது 320 கட்டம் கிடைக்கும். தரை, சுவர், இலக்கு, பெட்டி, இலக்கின் மேல் பெட்டி, ஆள், இலக்கின் மேல் ஆள் என ஏழே நிலைகள். கட்டத்துக்கு 4 பிட் தாராளம். ஆக ஒரு லெவல் 160 பைட். அதன் முன்னால் 16 பைட் தலைப்பு: அடையாளக் குறிக்கு 4, பதிப்பு எண்ணுக்கு 1, அகல உயரத்துக்கு 2, பெயருக்கு 6, சேமிப்பு வரிசை எண்ணுக்கு 1, சரிபார்ப்புத் தொகைக்கு 2. மொத்தம் 176. சேமிப்பு ரேம் (கேட்ரிட்ஜில் பேட்டரியால் உயிரோடு இருக்கும் நினைவகம்) 8 கிலோபைட் என்றால் 8192 பைட். 46 லெவல் கொள்ளும். அந்த ஆசை வேண்டாம். 20 லெவல் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. 7040 பைட் போக மீதி 1152 பைட்டில் ஆட்டத்தின் முன்னேற்றமும் அமைப்புகளும் அடங்கிவிடும்.

இரண்டு பிரதி எதற்கென்றால், எழுதிக்கொண்டிருக்கும்போதே யாராவது சுவிட்சை அணைப்பார்கள். ஒரே இடத்தில் மேலெழுதினால் பழையதும் போச்சு, புதியதும் அரைகுறை. எப்போதும் இரண்டில் பழைய பிரதியின் மேல் எழுதுங்கள்: முதலில் அதன் அடையாளக் குறியை அழித்து, கட்டங்களையும் தொகையையும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, கடைசியாகத்தான் குறியைப் போட வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது இரண்டும் சரியாக இருந்தால் வரிசை எண் புதியதை எடுங்கள். அந்த எண் 255-க்குப் பிறகு 0 ஆகும். எது பெரியது என்று நேரடியாகப் பார்த்தால் 0 தோற்று, பழைய லெவல் திரும்பி வரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மீதி 1-ஆ (முதலாவது புதியது) 255-ஆ (மற்றது புதியது) என்று பாருங்கள்.

சரிபார்ப்புக்கு வெறும் கூட்டுத்தொகை போதாது. இரண்டு பைட் இடம் மாறினாலும் கூட்டல் அதேதான். சிஆர்சி-16 அல்லது பிளெட்சர் முறை இதைப் பிடிக்கும். எல்லாம் பூஜ்யமாகிப்போன ரேமில் பிளெட்சரும் பூஜ்யமே காட்டி "சரி" என்று சொல்லிவிடும். அடையாளக் குறி தனியாக இருப்பது அதற்காகவும்தான்.

சேமிப்பு ரேமைத் திறக்க, கேட்ரிட்ஜின் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் எம்பிசி சிப்புக்கு 10 என்ற எண்ணை எழுதுகிறோம், மூட 0. எழுதி முடித்த கணமே மூடிவிடுங்கள். மின்சாரம் இறங்கும் நேரத்தில் செயலி தாறுமாறாக ஓடும். ரேம் திறந்திருந்தால் அது எழுதுகிற குப்பையெல்லாம் லெவல்மீது விழும்.

மூல ஆட்டம் 32 கிலோபைட், எம்பிசி சிப்பே இல்லாத வகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். எடிட்டருக்கு அங்கே இடமிருக்காது. எம்பிசி5 என்ற வகைக்கு மாற்றி, எடிட்டரை பேங்க் 2-இல் வைக்க வேண்டும் (பேங்க் என்பது ரோமின் ஒரு துண்டு; எம்பிசி இவற்றை ஒரே முகவரியில் மாற்றி மாற்றிக் காட்டும்). ரோமின் தலைப்பில் கேட்ரிட்ஜ் வகைக்கு 27, ரேம் அளவுக்கு 2. ரோம் அளவு பைட்டும் மாறும். மாற்றியதும் தலைப்பின் சரிபார்ப்பு எண்ணைத் திரும்பக் கணக்கிடாவிட்டால் நிஜ கேம் பாய் லோகோவோடு நின்றுவிடும், சில எமுலேட்டர்களில் மட்டும் ஓடும். கேம் பாய் நிரல் எழுதும் கருவிகளான ஆர்ஜிபிடிஎஸ் தொகுப்பிலுள்ள ஆர்ஜிபிஃபிக்ஸ் இதைச் செய்து தருகிறது. பழைய நிரல் ரோம் பகுதியில் எங்காவது தெரியாமல் எழுதுகிறதா என்றும் தேடுங்கள். முன்பு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. எம்பிசி வந்தபின் அதே எழுத்து பேங்கை மாற்றிவிடும்.

மிகவும் அலைக்கழிக்கும் பிழை இசையில் ஒளிந்திருக்கும். எடிட்டர் பேங்க் 2-இல் ஓடும்போது விபிளாங்க் (ஒரு படம் வரைந்து முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் இடைவேளை) குறுக்கீடு, அதாவது செயலியை இடையில் நிறுத்தி வேறு நிரலுக்கு அனுப்பும் சைகை, வந்து, பேங்க் 1-இல் இருந்த இசை நிரலை அழைக்கும். அங்கே இப்போது இருப்பது எடிட்டரின் குறியீடு. குறுக்கீட்டு நிரல் முதலில் பேங்க் 1-க்கு மாறி, வேலை முடிந்ததும் பழைய பேங்குக்குத் திரும்ப வேண்டும். எம்பிசியிடம் "இப்போது எந்த பேங்க்" என்று கேட்க வழியில்லை. ஆகவே எண்ணை ரேமில் ஒரு மாறியில் வைக்கிறோம். பேங்க் மாற்றும்போது முதலில் மாறி, அடுத்துத்தான் எம்பிசி. வரிசையை மாற்றி எழுதினால், அந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் குறுக்கீடு வரும் அபூர்வமான தருணத்தில் ஆட்டம் உறைந்துபோகும். எவ்வளவு சோதித்தாலும் உங்கள் மேசையில் அது நடக்காது.

திரை விஷயம் இதைவிட எளிது. விபிளாங்க் நேரம் 10 வரி, 1140 இயந்திரச் சுழற்சி. சாதாரண லூப்பில் 360 டைலையும் அதற்குள் எழுத முடியாது. முழுத் திரையை மாற்ற, விபிளாங்க் வரும்வரை காத்திருந்து எல்சிடியை அணைத்து எழுதுங்கள். வேறு நேரத்தில் அணைத்தால் பழைய கேம் பாயின் திரையே கெடக்கூடும். எடிட்டரில் ஒரு பட்டனுக்கு ஒரு கட்டம்தான் மாறுகிறது, அதை வரிசையில் போட்டு அடுத்த விபிளாங்கில் எழுதினால் போதும்.

ஒரு லெவல் தீர்க்கக்கூடியதா என்று எடிட்டரே சொல்லிவிடும் என நம்பாதீர்கள். சோகோபான் பி-ஸ்பேஸ் முழுமை வகைச் சிக்கல், அதாவது பொதுவாக விரைவாகத் தீர்க்க வழி தெரியாத மிகக் கடினமான வகை, என்று ஜோசப் கல்பர்சன் 1997-இல் நிறுவினார். 4 மெகாஹெர்ட்ஸ் செயலியிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. எளிய சோதனைகளைச் செய்யுங்கள்: ஆள் ஒருவரே இருக்கிறாரா, பெட்டியும் இலக்கும் சம எண்ணிக்கையா, இலக்கில்லாத மூலையில் பெட்டி சிக்கியிருக்கிறதா, ஆள் நிற்கும் இடத்திலிருந்து பரவிப் போனால் சுவரில் ஓட்டை உண்டா. இந்தப் பரவலைத் தன்னையே அழைக்கும் நிரலாக எழுதினால் ஸ்டாக் (ஒவ்வொரு அழைப்பும் திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதி) கீழ்நோக்கி வளர்ந்து மாறிகளை விழுங்கும். எந்த எச்சரிக்கையும் வராது. 320 இடமுள்ள ஒரு வரிசை 640 பைட், பார்த்த கட்டத்தைக் குறிக்க 40 பைட். அதோடு முடிந்தது.

உருவாக்கியவரே ஒரு முறை ஆடி முடித்த பிறகுதான் "சோதித்தது" என்ற முத்திரை விழ வேண்டும். பதிப்பு பைட்டின் மேல் பிட் அதற்குப் போதும். ஒரே ஒரு சுவரைத் தொட்டாலும் முத்திரை போய்விட வேண்டும். அரைகுறை லெவலைச் சேமிக்க விடுங்கள், பகிர விடாதீர்கள்.

பகிர்வதற்கு கடவுச்சொல் முறை ஒத்துவராது: 160 பைட்டை எழுத்துக்கு 5 பிட் வீதம் மாற்றினால் 256 எழுத்து. லிங்க் கேபிளில் நொடிக்கு 8192 பிட் போகும், 176 பைட் கால் நொடிக்குள் போய்ச் சேரும். மறுமுனை தயாராக ஒவ்வொரு பைட்டுக்கும் சிறு இடைவெளி விடுங்கள். கணினிக்கு எடுத்துச் சென்றால் சோகோபான்காரர்களின் வழக்கமான எழுத்து வடிவம் இருக்கிறது: சுவர் #, ஆள் @, பெட்டி $, இலக்கு புள்ளி. தரைக்கு வெற்றிடம் என்றாலும் அதற்குப் பதில் - போடுங்கள். செய்திச் செயலிகள் வரியின் தொடக்க வெற்றிடங்களை விழுங்கிவிட்டால் லெவலே கோணலாகிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் பேட்டரி ஒன்று பாக்கி. சேமிப்பு ரேமுக்கு உயிர் கொடுப்பது 3 வோல்ட் நாணய பேட்டரி, பொதுவாக சிஆர் 1616 அல்லது சிஆர் 2025. பழையதைக் கழற்றினால் லெவல்களும் போகும், ஆகவே கேட்ரிட்ஜ் ரீடரில் சேவ் கோப்பை எடுத்த பிறகே கேட்ரிட்ஜைத் திறக்கும் 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளியைத் தொடுங்கள். புதியது தகட்டுக் கால்கள் வெல்டு செய்யப்பட்டதாக இருக்கட்டும். பேட்டரியின் உடம்பில் நேரடியாகச் சால்டரிங் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். சேவ் கோப்பை இரண்டு முறை எடுத்து, பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். வேறுபட்டால் தொடுமுனைகளில் அழுக்கு: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் மறுபடி எடுங்கள். இரண்டு கோப்பும் ஒன்றாகும்வரை பேட்டரியில் கை வைக்க வேண்டாம்.