சர்ரியலிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவே செடோனா என்றோர் ஊர். ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டும் அவர் மனைவி, ஓவியர் டாரதியா டானிங்கும் 1946-ல் அங்கே குடியேறித் தங்கள் கையாலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். முதலில் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. அந்த வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே கூடவே வரும் சொல், சர்ரியலிசம்.

இன்று இந்தச் சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறோம். ஊரடங்கில் ஆளில்லாத சாலையைப் பார்த்தாலும் "சர்ரியலா இருக்கு" என்கிறோம். விநோதம், நம்ப முடியாதது என்ற அளவில் பொருள் நின்றுவிட்டது. பிறந்தபோது அது இதைவிடப் பெரிய சொல்.

பிரெஞ்சில் 'சூர்' என்றால் மேல். அதோடு யதார்த்தவாதத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்தது. இதை உருவாக்கியவர் கவிஞர் கியோம் அப்போலினேர். 1917-ல் 'பரேட்' என்ற பாலே நடனத்துக்கு எழுதிய குறிப்பில் இதைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு தன் நாடகம் ஒன்றையும் சர்ரியலிச நாடகம் என்றார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். 1924-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கைதான் அதை ஒரு கலை, இலக்கிய இயக்கத்தின் பெயராக்கியது. அறிவின் கட்டுப்பாடு இல்லாமல் மனம் தானாக இயங்குவதை அவர் வழிமுறையாக வைத்தார். கனவும் நனவும் முரண்பாடு தீர்ந்து ஒன்றாகும் ஒரு முழு மெய்ம்மை உண்டு என்று நம்பினார். அதுதான் அந்த 'மேல்'. கனவையும் சேர்த்துக்கொண்ட, இன்னும் விரிந்த உண்மை.

அந்த இயக்கத்தைச் சேர்ந்த எர்ன்ஸ்ட்டின் கதை இதற்கு நல்ல சான்று. ஈரமான வண்ணத்தின் மேல் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி எடுத்தால் தானாக ஒரு வடிவம் விழும். அதிலிருந்து காட்சியை வளர்த்தெடுப்பது அவருடைய முறைகளில் ஒன்று. அப்படி ஐரோப்பாவில் இருந்தபோதே அவர் வரையத் தொடங்கிய அரித்த பாறைகளும் விசித்திர நிலங்களும், பிறகு அரிசோனாவில் கண்ணெதிரே நின்றன. கற்பனை என்று வரைந்தது, நடந்து போகக்கூடிய இடமாக இருந்தது!

சரி, தமிழுக்கு வருவோம். 'அடிமன வெளிப்பாட்டியம்' என்று ஒரு சொல் உண்டு. வழிமுறையை அது நன்றாகச் சொல்கிறது. ஆனால் மூலச்சொல் மேலே பார்க்க, இது கீழே இறங்குகிறது. கனவோடு சேரவேண்டிய நனவும் விடுபட்டுப்போகிறது. 'மிகை யதார்த்தம்' என்றால் புகைப்படம் போல அச்சு அசலாக வரையும் பாணியோ என்று குழப்பம் வரும். 'மாய யதார்த்தம்' வேறொரு கதை மரபின் பெயர். 'மீமெய்யியல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். மெய்யியல் என்பது தத்துவத் துறைக்கு நிலைத்துவிட்டதால் அது திசைமாற்றும்.

எனக்குப் பிடித்தது 'மீ' என்ற முன்னொட்டு. மேல், உயர்வு என்ற பொருளில் தமிழில் பழையது. "மீக்கூறும் மன்னன் நிலம்" என்கிறது குறள். உலகம் உயர்த்திச் சொல்லும் என்று பொருள். 'சூர்' செய்கிற வேலையை 'மீ' அப்படியே செய்கிறது. 'மீயதார்த்தம்' நல்ல சொல்தான். அதில் யதார்த்தம் வடமொழி. தனித்தமிழ் வேண்டுவோர்க்கு 'மீமெய்ம்மை' இருக்கிறது. என் தேர்வு இதுதான்.

செடோனா வீட்டருகே 1948-ல் எர்ன்ஸ்ட் சிமென்ட்டில் ஒரு பெரிய சிற்பம் செய்தார். கொம்பு வைத்த அரசன், பக்கத்தில் மீன்வால் அரசி. பெயர் 'கேப்ரிகார்ன்', அதாவது மகர ராசி. மேற்கத்திய ராசிப் படத்தில் மகரம், ஆட்டுத் தலையும் மீன் உடலும் கொண்ட ஒரே உயிர். எர்ன்ஸ்ட் அதைக் கணவன் மனைவியாகப் பிரித்து, வீட்டைக் காக்கிறவர்கள் போல உட்கார வைத்துவிட்டார். இதை மீமெய்ம்மைச் சிற்பம் என்று தயங்காமல் எழுதலாம். செய்தவரை மீமெய்ம்மைக் கலைஞர் என்றும்.